ம… ர… இம்: ஏலக்கூடத்தில் எழுத்துக் கூட்டிய கதை

"மரம்" என்று தரையில் எழுதி வாசிக்கச் சொன்னேன். அவன் ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்து, "ம… ர… இம்" என்றான். சரி, சேர்த்துச் சொல்லு என்றேன். "மரயிம்" என்றான். கூட இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. தப்பு செய்து செய்து பழகிப்போன பிள்ளைதான் அப்படிச் சிரிக்கும்.

அவனுக்கு அப்போது எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. முதல் வகுப்பை முடிப்பதற்குள் 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளியை மூடிவிட்டார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. நடுவில் போனில் பாடம் என்றார்கள். எங்கள் தெருவில் பல வீடுகளில் அந்த மாதிரி போன் கிடையாது. இருந்த வீட்டிலும் அது அப்பாவோடு கடலுக்குப் போய்விடும். ஆகமொத்தம் இரண்டாம் வகுப்பு எப்படி இருக்கும் என்றே அவனுக்குத் தெரியாது. பெயர் வேண்டாம், மூத்தவன் என்றே எழுதுகிறேன். வீட்டிலும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

நான் பாம்பனில் தென்கடல் பக்கம் இருக்கிறேன். 2021 அக்டோபரில், கொரோனாவில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட அரசு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தபோது தன்னார்வலராகப் பெயர் கொடுத்தேன். மாதம் 1,000 ரூபாய், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் ஒன்றரை மணி நேரம். இடம்தான் சிக்கல். கடைசியில் மீன் ஏலக்கூடம் அமைந்தது. காலையில் ஏலம் முடிந்ததும் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுப் போய்விடுவார்கள், சாயங்காலத்துக்குள் சிமெண்டுத் தரை காய்ந்து கிடக்கும். மீன் வாடை இருக்கும். அதைச் சொல்லி மூக்கைப் பிடித்தவர்கள் வெளியூரிலிருந்து பார்க்க வந்தவர்கள் மட்டும்தான்.

முதலில் அந்த "இம்" விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எழுத்தெல்லாம் தெரிந்தும் படிக்க வராத பிள்ளைகளில் பாதிப்பேர் நிற்கிற இடம் அதுதான். மெய்யெழுத்தை நாம் எல்லாருக்கும் "இக், இங், இச்" என்று சொல்லிக்கொடுக்கிறோம். வேறு வழியும் இல்லை. புள்ளி எழுத்தைத் தனியாக வாயில் சொல்ல முடியாது, முன்னால் ஓர் உயிர் வேண்டும். இலக்கணம் அதற்கு அரை மாத்திரை என்று சொல்லும். பிள்ளைக்கு அந்த அரை தெரியாது. "இம்" என்று பெயர் சொன்னார்கள், அதனால் பார்க்கிற இடத்திலெல்லாம் "இம்" என்கிறான். அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் சொல்கிறான். அவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

இதை வாயால் நூறு தடவை விளக்கியும் பலனில்லை. "இ-யை விட்டுட்டுச் சொல்லுடா" என்றால் "ம" என்பான். ஒருநாள் வகுப்பு முடிந்து பிள்ளைகள் உப்பு மூட்டை தூக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் முதுகில் ஒருத்தன். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. புள்ளி எழுத்துக்குக் கால் இல்லை. அது முன்னால் இருக்கிற எழுத்தின் முதுகில் ஏறித்தான் போக முடியும்.

மறுநாள் மூன்று சிலேட்டில் ம, ர, ம் என்று எழுதிக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டினேன். ம ஒரு அடி முன்னால் வந்து "ம" என்று சொல்லும். அடுத்து ர வரும். ஆனால் ம்-மை முதுகில் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும். ஏறுகிறவன் ஏறும்போதே உதட்டை மூடிக்கொள்ள வேண்டும், தனியாக வாய் திறக்கக் கூடாது. தூக்குகிறவன் "ர" என்று ஆரம்பித்து, மேலே இருக்கிறவன் மூடிய வாயோடு முனகினால், "ரம்". ம… ரம். இரண்டே அடி. மூன்று பேர் வந்தாலும் காலடி இரண்டுதான், ஏனென்றால் ஒருத்தன் நடக்கவில்லை. இதை அவர்களே எண்ணிச் சொன்னார்கள்.

மூத்தவன் உடம்பில் பெரியவன் என்பதால் முதல் நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டே இருந்தான். "கல், பல், பால், கால்" எல்லாவற்றுக்கும் ல் அவன் முதுகில்தான். கடைசியில், "அக்கா, நானும் புள்ளியா இருக்கேன்" என்று கேட்டு, இரண்டு பேர் தாங்க ஏறினான். ஏறிக்கொண்டு "ம்ம்ம்" என்று அவன் முனகிய அந்த நிமிடத்தில்தான் இ கழன்று விழுந்தது. அடுத்த வாரம் தரையில் எழுதியிருந்த "படம்" அவனுக்கு "ப-டம்" என்று வந்தது. விரலும் இரண்டு தடவைதான் நகர்ந்தது.

செய்து பார்க்கிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. சிமெண்டுத் தரையில் வேண்டாம், மணலில் ஆடுங்கள்; ஒரு பெண்பிள்ளைக்கு முட்டி பெயர்ந்து அவள் அம்மாவிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்புறம், வல்லின மெய் வரும்போது முதுகில் இருப்பவன் முனகக் கூடாது, மூச்சைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். "உப்பு" என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். உ, ப்-பைத் தூக்கிக்கொண்டு நிற்கும், ஒரு நொடி அமைதி, பிறகு பு. அந்த அமைதியைப் பிள்ளை உடம்பில் உணர்ந்துவிட்டால் படம்–பட்டம், குடி–குட்டி குழப்பம் தானாகக் குறைகிறது. எழுத்து ஒன்றுதான் என்றாலும் படத்தில் ட மெத்தென்றும் பட்டத்தில் அழுத்தியும் வருகிறதே, அது ஏன் என்று பிள்ளைகள் கேட்கவே மாட்டார்கள். வாய் ஏற்கெனவே பழகியிருக்கிறது. நாமாக விதி சொல்லி அதைக் கலைக்காமல் இருந்தால் போதும்.

எழுதும்போது புள்ளியை விட்டுவிடுகிற பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓலைச்சுவடியில் பெரும்பாலும் புள்ளி வைக்காமல்தான் எழுதினார்கள், எழுத்தாணி குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்பதால். இடம் பார்த்து மெய்யா உயிர்மெய்யா என்று ஊகித்துக்கொண்டார்கள். ஆகவே "மரம" என்று எழுதிய பிள்ளையை முட்டாள் என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்கலாம். நான் மண்டையில் குட்டு வாங்கி வளர்ந்தவள், அதனால் சொல்கிறேன்.

சாமான்களுக்கு வருவோம். முதல் மாதம் என் ஆயிரம் ரூபாயில் பெரும்பங்கு எழுத்து அட்டைகளுக்குப் போனது. கலர் அட்டை, லேமினேஷன், மூலையெல்லாம் வளைத்து வெட்டி, பார்க்க அவ்வளவு அழகு. கச்சான் காற்று தொடங்கிய முதல் வாரம் எல்லாம் போயிற்று. தென்மேற்கிலிருந்து இங்கே அடிக்கிற காற்றைப் பார்க்காதவர்களுக்குச் சொன்னால் புரியாது. பிள்ளைகள் படித்ததைவிட அட்டை பொறுக்கிய நேரம்தான் அதிகம். "அக்கா, ழ பறந்துருச்சு!" என்று ஒருத்தன் கத்திக்கொண்டு ஓடினான். ழ கடலுக்குள் போய்விட்டது.

அதற்குப் பிறகு கிளிஞ்சல். உள்ளங்கையில் பாதி அளவுள்ள, உள்பக்கம் வழவழப்பான மட்டி ஓடுகள் கரையில் காசில்லாமல் கிடைக்கின்றன. நன்றாகக் கழுவி வெயிலில் காயவைத்து, அழியாத மார்க்கரில் எழுதி, மேலே நிறமில்லாத நகப்பூச்சு ஒரு தடவை. வருஷக்கணக்கில் நிற்கிறது. குறிகளுக்குச் சோடா மூடி: துணைக்கால் சிவப்பு மூடி, கொம்பு பச்சை மூடி. புள்ளி எழுத்துகளைக் கறுத்த சின்ன ஓடுகளில் தனியாக எழுதினேன். கையில் கனம் இருப்பது ஒரு நன்மை. கொட்டினால் சத்தம் வருவது இன்னொன்று. எழுத்தைப் பார்த்தாலே முகம் சுருங்கும் பிள்ளைகூடக் கிளிஞ்சல் குவியலுக்குள் கையை விட்டு அளையும்.

247 எழுத்தையும் செய்யாதீர்கள். அது பிள்ளையைப் பயமுறுத்துவதற்கென்றே சொல்லிவைத்த எண் மாதிரி இருக்கிறது. நான் ஆரம்பித்தது ப, ட, ம, க, ல, ர என்ற ஆறு உயிர்மெய், ம், ல் என்ற இரண்டு மெய், ஒரு துணைக்கால். இந்த ஒன்பதை வைத்துக்கொண்டே படம், மடம், மரம், கடல், மடல், பல், கல், பால், கால், பாடம், பாலம், காலம், பாடல் என்று போய்க்கொண்டே இருக்கலாம். ஒரு நாளைக்கு ஆறு சொல்லுக்கு மேல் வேண்டாம். இருபது நிமிடம் தாண்டினால் கிளிஞ்சலை வைத்துக் கல்யாணம் பண்ணி வைக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

உகர வரிசையை மட்டும் பொறுமையாக எடுக்க வேண்டும். கா, மா, பா என்று கால் எங்கே போனாலும் ஒரே கால்தான். கு, சு, து, மு அப்படி இல்லை, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வால். அதை மூடியில் தனியாக எழுத முடியாது. அந்த வரிசைக்கு மணல்தான் சரி. சோற்றுத் தட்டில் சலித்த மணலைப் பரப்பி விரலால் எழுதலாம். மணலில் எழுதுவது திண்ணைப் பள்ளிக் காலத்திலேயே இருந்தது. எங்களுக்கு இன்னும் வசதி, கரையே இருக்கிறது. ஈர மணலில் நான் ஒரு சொல்லைக் குச்சியால் எழுதுவேன், அலை வந்து அழிப்பதற்குள் வாசிக்க வேண்டும். தென்கடல் கொந்தளிக்கும் மாதங்களில் இது நடக்காது, வாசிக்கிறவனையும் சேர்த்து இழுத்துவிடும். அப்போது வடகடல் பக்கம் போனால் அங்கே குளம் மாதிரி கிடக்கும், அலைக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். பெண் கடல் என்று சும்மாவா சொன்னார்கள்.

இந்தக் கரைக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு: ழ. இங்கே பேச்சில் வாழைப்பழம் "வாளப்பளம்"தான். மூத்தவன் ஒருநாள் "வாளை" என்று கிளிஞ்சல் அடுக்கினான். வாழைப்பழம் படத்துக்கு நேரே. தப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்திலிருந்த வாண்டு முந்திக்கொண்டு, "டேய், அது மீனுடா!" என்றது. வெள்ளித் தகடு மாதிரி நீளமாக இருக்குமே, அந்த வாளை. அன்றிலிருந்து ழ-வுக்கும் ள-வுக்கும் அதுதான் எங்கள் அடையாளம். "மரத்து ழ", "மீன் ள", "வலை ல". நாக்கை மடி, உருட்டு என்று உச்சரிப்புப் பயிற்சியில் நான் இறங்கவில்லை. படிக்கத் தொடங்குகிற பிள்ளையிடம் அவன் வீட்டுப் பேச்சே தப்பு என்று சொன்னால், அடுத்த நாள் வாயைத் திறக்க மாட்டான். கண் முதலில் வித்தியாசம் பார்க்கட்டும், நாக்கு பின்னால் வரும். வராவிட்டாலும் குடி முழுகிவிடாது.

ஏலக்கூடத்துத் தூணில் சாய்ந்தபடி தினமும் ஓர் அப்பத்தா உட்கார்ந்திருப்பார், மூத்தவனுடைய அப்பத்தாதான். அந்தக் காலத்து ஐந்தாம் வகுப்பு. ஒருநாள் அவர் சாக்பீஸை வாங்கித் தரையில் "வலை" என்று எழுதினார், துதிக்கை வைத்த பழைய லை. 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்பு அப்படித்தான். பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்துவிட்டு, இது எழுத்தே இல்லை, கணவாய் மீன் என்று முடிவு கட்டினார்கள். "போங்கடா பொசகெட்ட பயலுவளா" என்று அவர் சிரித்துக்கொண்டே அழித்தார்.

பிள்ளை உண்மையாகவே எழுத்துக் கூட்டுகிறதா, மனப்பாடமாக ஒப்பிக்கிறதா என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். புத்தகத்தின் இருபது பக்கத்தையும் படம் பார்த்தே கடகடவென்று சொல்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் சொல்வார்கள். அதற்கு நாங்கள் ஆடுவது புது மீன் ஆட்டம். வலையில் இதுவரை யாரும் பார்க்காத மீன் ஒன்று மாட்டியிருக்கிறது, அதன் பெயர் இது என்று சொல்லி, அர்த்தமில்லாத எழுத்துகளை நான் அடுக்குவேன். "கமால்", "டாபம்", "ரகடல்". பெயரைச் சரியாக வாசித்தவருக்கு அந்த மீனைப் பற்றிச் சொல்ல உரிமை உண்டு: எவ்வளவு நீளம், முள் எப்படி, குழம்புக்கா வறுவலுக்கா, கிலோ என்ன விலை. "கமால்" மீனாகாது, தெருவில் அந்தப் பெயரில் மாமா ஒருவர் இருக்கிறார் என்று ஆட்சேபம் வந்தது, எடுத்துவிட்டேன். "டாபம்" விஷ மீன் என்று ஏகமனதாக ஏற்கப்பட்டது. ஊகிக்க வழியே இல்லாத சொல் என்பதால், இங்கே எழுத்து கூட்டத் தெரிந்தவர்தான் பேச முடியும். வாரத்துக்கு ஒருநாள் இது போதும், எனக்கு யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

போட்டி வைத்தது என் பெரிய தப்பு. யார் முதலில் அடுக்குகிறார்களோ அவர்களுக்குக் கடலை மிட்டாய். இரண்டே வாரத்தில் மெதுவாகப் படிக்கிற நான்கு பிள்ளைகளும் "வயித்து வலி" என்று நின்றுவிட்டார்கள். வீடு வீடாகப் போய்க் கூட்டிவந்தேன். பிறகு மிட்டாய் எல்லாருக்கும், இல்லாவிட்டால் யாருக்கும் இல்லை என்று ஆக்கினேன். ஜோடி சேர்த்தேன்: ஒருவர் கிளிஞ்சல் தேட, ஒருவர் அடுக்க. தேடுகிற வேலை எழுத்து தெரிந்தவருக்கு, அடுக்குகிற வேலை திணறுகிறவருக்கு. மாற்றிக் கொடுத்தால் கெட்டிக்காரன் எல்லாவற்றையும் தானே முடித்துவிடுவான்.

இதையெல்லாம் விட எங்களிடம் ஊறிப்போன ஆட்டம், ஒரு சொல்லிலிருந்து இன்னொரு சொல்லுக்குப் போவது. ஒரு தடவைக்கு ஒரே கிளிஞ்சலையோ மூடியையோ மாற்றலாம், வைக்கலாம், எடுக்கலாம். ஒவ்வோர் அடியிலும் கிடைப்பது உண்மையான சொல்லாக இருக்க வேண்டும். பாம்பன் பிள்ளைகளுக்கு வேறென்ன கொடுப்பது? கடலில் தொடங்கிப் பாலத்தில் முடிக்கச் சொன்னேன். அப்போது 1914-இல் திறந்த பழைய ரயில் பாலம்தான், நடுவில் இரண்டு கையாகப் பிரிந்து மேலே தூக்கிக் கப்பலுக்கு வழி விடும். செங்குத்தாக ஏறும் புதுப் பாலம் 2025 ஏப்ரலில்தான் வந்தது.

என் நோட்டில் முந்தின இரவே விடை எழுதி வைத்திருந்தேன். கடல், மடல், மடம், படம், பாடம், பாலம். ஐந்து மாற்றம். இதைவிடக் குறைவாக முடியாது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

மூத்தவன் வந்து ஏழெட்டு மாதம் ஆகியிருக்கும். தரையில் க, ட, ல் மூன்றும் வரிசையாக இருந்தன. அவன் குத்தவைத்து உட்கார்ந்து, ரொம்ப நேரம் எதையும் தொடவில்லை. பிறகு க-வை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, அந்த இடத்தில் ப-வை வைத்தான். "ப… டல். படல்."

"படலா? அப்படி ஒரு சொல்லே கிடையாது" என்றாள் ஒருத்தி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கிளிஞ்சலை எடுத்துத் திருப்பிக் கொடுக்கக் கையை நீட்டிவிட்டேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவன் அப்பத்தா வீட்டு வேலியைக் காட்டினான். பனையோலையும் குச்சியும் வைத்துப் பின்னி, கயிற்றால் கட்டி, கதவுக்குப் பதிலாகச் சாத்தி வைத்திருக்கும் தட்டி. "அந்தா இருக்குல்ல படல். அதை நெட்டித் தள்ளிட்டுத்தான் ஆடு உள்ள போகுது" என்றான். தூணில் சாய்ந்திருந்த அப்பத்தா, "ஆமா, கட்டணும் கட்டணும்னு ஒரு மாசமா சொல்றேன், எவன் கேக்குறான்" என்றார்.

நான் கையை இழுத்துக்கொண்டேன். அவன் ப-வுக்குப் பக்கத்தில் சிவப்பு மூடியை வைத்தான். பாடல். ல்-லை எடுத்து ம் வைத்தான். பாடம். ட-வை எடுத்து ல வைத்தான். பாலம். நான்கு. விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, என் நோட்டைக் கேட்டு வாங்கி, என்னுடையதையும் எண்ணினான். ஒவ்வொரு சொல்லாக வாசித்துத்தான் எண்ணினான்.

அந்த வாரமே நோட்டில் ஒரு புதுப் பக்கம் போட்டேன். புத்தகத்தில் இல்லாத, ஆனால் இந்தப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து கேட்கிற சொற்கள்: படல், மட்டி, மடி, கச்சான், வாடை, காரல், சூடை, கிழங்கான், கொட்டான். பிள்ளைகளைக் கேட்டுக் கேட்டு எழுதியது, இப்போது பதினோரு பக்கம் ஆகியிருக்கிறது. புதிதாக வருகிற பிள்ளைக்கு "ஔவை", "ஔடதம்" எல்லாம் கடைசியில்தான்.

இப்போது என்னிடம் ஒரு சின்னப் பெண் வருகிறாள், கொம்பு அவளுக்கு எமனாக இருக்கிறது. கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஆனால் சத்தம் பின்னால் வரும். அவள் "கொட்டான்" என்பதைப் பார்த்து முதலில் "கெ" என்கிறாள், பிறகு காலைப் பார்த்துவிட்டு "கா" என்கிறாள், அப்புறம் என்னைப் பார்க்கிறாள். மூன்று பேரை வரிசையாக நிற்கவைத்துப் பார்த்தேன். நடுவில் க. ஒரு பக்கம் கொம்பு, மறுபக்கம் கால். இரண்டு பேரும் க-வின் கையைப் பிடிக்கும் வரை க வாய் திறக்கக் கூடாது, பிடித்ததும் உதட்டைக் குவித்து "கொ". ஆடும்போது வருகிறது, கிளிஞ்சலில் அடுக்கினால் போய்விடுகிறது. பச்சை மூடியையும் சிவப்பு மூடியையும் ஒரே தூண்டில் நரம்பில் கோத்து, நடுவில் ஓடு வைக்க இடம் விட்டு ஒன்று செய்து வைத்திருக்கிறேன். ஒன்றைத் தூக்கினால் இன்னொன்றும் கூடவே வரும்படி.

நாளைக்கு அமாவாசை. கடல் வற்றும், அவள் அம்மா பாசி எடுக்கப் போய்விடுவார், தம்பியைப் பார்த்துக்கொள்ள அவள் வீட்டில் நிற்பாள். மூடியை எடுத்துக்கொண்டு நான்தான் அங்கே போய்ப் பார்க்க வேண்டும்.